ஒரே இணைப்பு, தனித்தனி வலை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் இணைய இணைப்பு இல்லாமல் நடக்கும் வணிகம் இன்று அரிது. பழைய வீடுகளில் நடத்தப்படும் தங்கும் விடுதிகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், கண்டாங்கிச் சேலைக் கடைகள், பலகாரக் கடைகள் என எங்கு பார்த்தாலும் பில் போடும் கணினியும், கார்டு மெஷினும், கண்காணிப்புக் கேமராவும், வந்து போகிறவர்களின் கைபேசிகளும் ஒரே ரூட்டர் வழியாகத்தான் வெளியே செல்கின்றன. அந்த ரூட்டரை எப்படி அமைப்பது, அமைத்த பிறகு எப்படிப் பேணுவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பெரும்பாலான இடங்களில், இணைப்புக் கொடுத்தவர் பெட்டியை மாட்டிவிட்டுச் சென்ற நாளில் என்ன நிலை இருந்ததோ அதுவே இன்றும் நீடிக்கிறது. ஒரே வைஃபை, அதற்கு ஒரே கடவுச்சொல்; அந்தக் கடவுச்சொல்லும் அச்சடித்த அட்டையாக வரவேற்பு மேசையில் நிற்கிறது. அறை எடுத்துத் தங்க வந்த ஒருவருடைய மடிக்கணினியில் நச்சுநிரல் இருந்தால், அது கணக்குக் கணினியின் வாசல்வரை தடையின்றி வந்து சேரும். நம் பக்கத்து வீடுகளைக் கட்டியவர்கள், முகப்போடு நிற்பவர் யார், வளவுக்குள் வருபவர் யார், இரண்டாங்கட்டுக்குச் செல்பவர் யார் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு கட்டினார்கள். வணிக வலையமைப்புக்கும் அந்த வகுத்தல்தான் முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

வணிக ரூட்டர்களில் இதற்கென உள்ள வசதிக்கு வி-லேன் என்று பெயர். 1998-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறையில், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின்மீதும் 1 முதல் 4094 வரையிலான ஓர் எண் முத்திரையாக இடப்படுகிறது. அதனால் ஒரே கம்பியில் ஓடினாலும் ஒரு பிரிவின் போக்குவரத்து மற்றொன்றோடு கலப்பதில்லை. விருந்தினருக்கு ஒன்று, பில் கணினிக்கும் கார்டு மெஷினுக்கும் ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என மூன்று பிரிவுகள் ஒரு நடுத்தர விடுதிக்குப் போதும்.

ஆனால் பிரிவுகளை உருவாக்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பல ரூட்டர்கள், நாம் வேறு கட்டளை இடாதவரை, ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குத் தாமே வழி திறந்து வைத்திருக்கும். விருந்தினர் பிரிவிலிருந்து இணையத்துக்கு மட்டுமே செல்லலாம், உள்ளே எங்கும் செல்லக் கூடாது என்ற தடை விதியை, ரூட்டரின் காவல் பகுதியான ஃபயர்வாலில் தனியே எழுத வேண்டும். ரூட்டரிலிருந்து வரும் கம்பியைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்க இடையில் இருக்கும் சுவிட்சும் வி-லேன் அறிந்ததாக இருக்க வேண்டும். விலை குறைந்த சாதாரண சுவிட்சு கம்பி செருகும் எல்லாத் துறைகளையும் ஒன்றாகவே நடத்தும். அமைத்து முடித்ததும், விருந்தினர் வைஃபையில் ஒரு கைபேசியை இணைத்து, ரூட்டரின் நிர்வாகப் பக்கமும் கேமராப் பெட்டியின் பக்கமும் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் பிரிவு பெயரளவில்தான் இருக்கிறது.

கேமராக்களைத் தனியே ஒதுக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. 2016-இல் மிராய் என்னும் நச்சுநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்படும் 60-க்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று பார்த்து, உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகளின் படை, இணையத்தளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் திறக்கவில்லை. ஆகவே நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு கடைக் கேமராவைப் பார்க்க விரும்பும் உரிமையாளருக்காக, வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் நேரே கேமராவுக்கு அனுப்பும்படி போர்ட் ஃபார்வர்டிங் செய்து கொடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது ஊரறியக் கதவைத் திறந்து வைப்பதாகும். இணையத்தின் ஊடே பூட்டிய தனிப் பாதை போல அமையும் விபிஎன் வழியாகப் பார்ப்பதே சரியான முறை.

விபிஎன் பற்றிச் சொல்லும்போது, வலையில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் எண் முகவரியையும் சொல்லியாக வேண்டும். மிகப் பல ரூட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளோடுதான் வருகின்றன. காரைக்குடிக் கடையிலும் சென்னைக் கிளையிலும் அதே வரிசை இருந்தால், இரண்டையும் இணைக்கும் நாளில் எந்த முகவரி எந்த ஊரில் இருக்கிறது என்று ரூட்டருக்குத் தெரியாமல் போகும். 10 என்று தொடங்கும் வரிசை முழுவதும் தனியார் பயனுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், ஊருக்கு ஒரு வரிசையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம்.

பழைய வீட்டு விடுதிகளுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தடித்த செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வைஃபை அலையை, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை, வெகுவாக உறிஞ்சிவிடும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டுக்கு முகப்பில் வைத்த ஒரு பெட்டி போதாது. விலை கூடிய ரூட்டர் வாங்குவதாலும் பயனில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் கம்பி இழுத்து, அங்கங்கே வைஃபை தரும் ஓர் அணுகல் பெட்டி வைப்பதே தீர்வு. ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டர் வரை செல்லும் என்பதால், சுவரைத் துளைக்காமல் தாழ்வார ஓரமாகச் சுற்றிக் கொண்டுசெல்ல இடம் இருக்கிறது.

இனி அன்றாடப் பேணுதல். ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தயாரித்தவர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரூட்டரை, அது நன்றாக ஓடினாலும், மாற்றிவிட வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள், கருவிகளில் எப்போது என்ன நடந்தது என்று காட்டும் செயற்பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் போன்றவற்றை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். மின்சாரம் நின்று வந்தால் பல ரூட்டர்களில் பதிவு அழிந்துவிடும் என்பதால், அதை வேறொரு கணினிக்கு அனுப்பும்படி அமையுங்கள். நேரத்தை இணையத்திலிருந்து பெறும்படியும் வையுங்கள். இல்லாவிட்டால் பதிவுகள் 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டிக் கொண்டிருக்கும்.

அமைப்பைச் செய்து கொடுத்தவரிடமிருந்து நிர்வாகக் கடவுச்சொல்லையும், அமைவுக் கோப்பின் நகலையும், எந்தத் துறையில் எந்தக் கம்பி என்ற குறிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கிக் கணக்குப் பெட்டியில் வையுங்கள். அவர் வெளியூர் சென்றிருக்கும் நாளில் இடி தாக்கி ரூட்டர் பழுதானாலும், அதே மாதிரியில் வேறொன்று வாங்கி அந்தக் கோப்பை ஏற்றினால், சிறிது நேரத்தில் பில் போடத் தொடங்கிவிடலாம்.

நன்றி, வணக்கம்.