மணியோசை வரும் முன்னே: ஆக்கநிலையுறுத்தம் என்னும் கற்றல்

[திரையில்: பழைய ஆய்வுக்கூடத்தின் கோட்டோவியம்]

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ் முதலில் ஆராய்ந்தது கற்றலை அன்று, செரிமானத்தை. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். நாயின் உமிழ்நீர் நாளத்தைக் கன்னத்தின் வெளிப்புறம் திருப்பி, சுரக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக அளந்துவந்த அவருடைய கூடத்தில், உணவு வாயில் படும் முன்பே, அதைக் கொண்டுவரும் பணியாளரைக் கண்டவுடனேயே நாய்களுக்கு எச்சில் ஊறியது. அளவீட்டைக் கெடுக்கும் தொல்லை என்று அதை ஒதுக்கியிருக்கலாம். அவரோ அதையே தம் எஞ்சிய வாழ்நாளின் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார்.

[திரையில்: தாளமானி, உணவுத் தட்டு, உமிழ்நீர்த் துளி]

உணவு இயற்கைத் தூண்டல், அதாவது கற்காமலேயே உடலைச் செயல்படச் செய்வது. அதற்கு ஊறும் எச்சில் இயற்கைத் துலங்கல், அதாவது உடலின் எதிர்வினை. சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவியான தாளமானியின் ஓசை தொடக்கத்தில் எச்சிலை ஊறச் செய்யாத நடுநிலைத் தூண்டல் மட்டுமே. ஓசையைத் தொடர்ந்து உணவு பலமுறை தரப்பட்ட பின், ஓசை மட்டுமே எச்சிலை ஊறச் செய்தால், அது ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டலாகிவிட்டது என்கிறோம். இப்படிக் கற்பதே ஆக்கநிலையுறுத்தம். அதை ஒத்த பிற ஓசைகளுக்கும் எச்சில் ஊறுவது பொதுமையாக்கம்.

இக்கற்றலுக்கு ஓசையும் உணவும் போன்ற இரண்டு தூண்டல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தால் போதும் என்றே பல பாடக்குறிப்புகள் நிறுத்திவிடுகின்றன, அது போதாது. 1968இல் உளவியலாளர் ராபர்ட் ரெஸ்கோர்லா எலிகளுக்கு ஓசையோடு மின்னதிர்ச்சி தந்தார். ஓசை இல்லாதபோதும் அதே அளவு வாய்ப்புடன் அதிர்ச்சி வந்தபோது, எலிகள் ஓசைக்கு அஞ்சக் கற்கவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிறோம். யானை இல்லாத வேளையிலும் ஓயாமல் ஒலிக்கும் மணியை யார் பொருட்படுத்துவார்? வரவிருப்பதை முன்னறிவிக்கும் தூண்டலையே உயிர் கற்றுக்கொள்கிறது.

உணவின்றி ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் துலங்கல் படிப்படியாகக் குன்றி அற்றுப்போகும். ஆனால் சிறிது இடைவெளிக்குப் பின் அதே ஓசை கேட்டால் எச்சில் மீண்டும் ஊறுவதைப் பாவ்லவே கண்டார். இது தன்னியல் மீட்சி. பழைய கற்றல் அழிவதில்லை, அதன்மேல் புதிய கற்றல் படிகிறது. ஆகவே, இவ்வாறு கற்ற அச்சம் தணிந்த பின் ஒரு நாள் திரும்பினால், குழந்தையின் முயற்சி வீணானதாக ஆசிரியரோ பெற்றோரோ எண்ண வேண்டியதில்லை.

[திரையில்: கூண்டில் வெண்முயல், தொலைவில் உணவு உண்ணும் சிறுவன்]

அச்சத்தைத் தணிக்கவும் இக்கற்றல் உதவும். 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைத் தந்து, அவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் அவன் அந்த முயலைத் தொட்டுத் தடவினான்.