காட்டுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

அன்பான படகுக்காரத் தம்பிமாரே, விடுதி நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வாடை ஓய்ந்து நம்முடைய கிழக்குக் கடல் அடங்கியதும் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பலகைகள் முளைக்கும். "திமிங்கிலம், டொல்பின் நிச்சயம் காட்டப்படும்." கடல் உயிர்களுக்கு நாம் செய்கிற கெடுதலில் பெரும்பங்கு அந்த வாக்குறுதியிலிருந்துதான் தொடங்குகிறது.

யாலை தேசிய பூங்காவில் என்ன நடக்கிறது? முதலாம் பிரிவில் ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டால் போதும், கைத்தொலைபேசியில் செய்தி பறக்கிறது. ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து பாதையை அடைக்கின்றன. சாரதிமாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சிறுத்தையைக் காணாவிட்டால் கொடுத்த காசு வீண் என்று நினைப்பவர் பின்னால் இருந்து அவசரப்படுத்துகிறார்.

நம் கடலிலும் இதே ஓட்டம்தான். நீலத் திமிங்கிலங்கள் பொதுவாகக் குளிர்கடலில் இரை தின்று, குட்டி ஈன வெப்பக்கடலுக்கு வரும். வட இந்து சமுத்திரத்தில் வாழ்பவை துருவப் பக்கமே போவதில்லை. இந்த வெப்பக்கடலிலேயே இரை தின்று, இங்கேயே குட்டியையும் வளர்க்கின்றன. ஆகவே இங்கே அதைத் துரத்துகிறவர் அதன் சாப்பாட்டிலும் குட்டி வளர்ப்பிலும் கை வைக்கிறார்.

அது மூச்சு விடுவதை நின்று கவனித்திருக்கிறீர்களா? ஆழத்திலிருந்து வந்ததும் மெல்ல ஊர்ந்தபடி பல தடவை மூச்சு விடும். ஒவ்வொரு தடவையும் நீராவி தூணாக எழும். பிறகு முதுகை வளைத்து, சில வேளை வாலையும் தூக்கி, பத்து நிமிடமோ அதற்கு மேலோ கீழே போய்விடும். அந்த ஆழ முக்குளிப்புக்கு வேண்டிய காற்றை அது மேலே இருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் சேர்க்கிறது. அந்த நேரம் முன்னால் ஒரு படகும் பின்னால் இரண்டு படகும் பாய்ந்தால் அரைகுறை மூச்சோடு அமிழ்ந்துவிடும். 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று நம் நாட்டில் விதியே இருக்கிறது. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாகப் போங்கள். குறுக்கே மறிக்காதீர்கள். குட்டி கூட இருந்தால் இன்னும் விலகுங்கள்.

நம் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. அத்தனை பெரிய கப்பல் விலகும்போது நம்முடைய பைபர் படகு விலகக் கூடாதா?

பலகையை மாற்றி எழுதுங்கள். "கடலுக்குக் கூட்டிப்போவோம், வந்தால் பார்ப்போம்" என்பது போதும். இராவணன் வெட்டுப் பக்கம், கோணேசர் மலையில் நின்றே திமிங்கிலம் மூச்சு விடுவதைக் காண்கிற நாட்கள் உண்டு. எண்ணெய்ச் செலவே இல்லை! முதலில் அங்கே கூட்டிப்போய்க் காத்திருக்கப் பழக்குங்கள்.

இனி நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவு. 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பாணைப் பிய்த்து மீனுக்குப் போடுகிறார்கள். பாசி மேய்ந்து, முருகைக்கல் என்கிற பவளப்பாறையைத் துப்புரவாக வைத்திருக்கிற மீனுக்குப் பாண் எதற்கு? அதைவிட மோசம், முருகைக்கல்லில் ஏறி நிற்பது. அது கல் அல்ல, உயிர். மூளை வடிவ முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. கிளை விடுகிற வகை துடுப்புக் காலணி பட்டாலே முறியும்.

வருகிறவர்கள் வேண்டுமென்று மிதிப்பதில்லை. நீந்தத் தெரியாது, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பயந்து காலை ஊன்றுகிறார்கள். ஆகவே படகில் ஏற்றுமுன் நிலாவெளிக் கரையில், மணல் தரையில், கொஞ்ச நேரம் மிதக்கப் பழக்குங்கள். மிதவைச் சட்டை கட்டாயம். பயந்தவர் பிடித்துக்கொள்ள மிதவை வளையத்தோடு ஒரு தம்பி கூடவே நீந்தட்டும். அந்தத் தம்பிக்குத் தனிக் கூலி கேளுங்கள், கொடுப்பார்கள்.