சண்டைக்குப் பக்கத்தில் நிற்கும் படை: ஆஸ்திரேலியாவின் 6வது பிரிகேட்

வணக்கம் நண்பர்களே. ராணுவம் பற்றிய வீடியோ என்றாலே டாங்கி, கமாண்டோ, ஏவுகணை என்றுதான் கேட்கிறீர்கள். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பிரிகேட்டில், அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவில், டாங்கி கிடையாது. பல நூறு பேர் கொண்ட காலாட்படை பட்டாலியன் ஒன்றுகூடக் கிடையாது. ஆஸ்திரேலிய ராணுவத்தின் 6வது பிரிகேட். ஒரு காலத்தில் முழுக்க முழுக்கக் காலாட்படையாக இருந்து, பிறகு போர் உதவிப் பிரிகேட்டாக மாறியது. இந்த மாற்றத்தைப் பலரும் ஓர் இறக்கமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. எதிரியை நேருக்கு நேர் மோதுவது காலாட்படையும் கவசப்படையும். சாப்பாடு, டீசல், மருந்து, உதிரிபாகம் என்று கொண்டுவந்து சேர்க்க இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் நம் கதாநாயகர்கள்: பொறியாளர்கள், பீரங்கிக்காரர்கள், சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவு, உளவுப் பிரிவு, வான்பாதுகாப்பு. இவர்கள் களத்திலேயே இருப்பார்கள், குண்டும் இவர்கள் மேல் விழும். ஆனால் இடத்தைப் பிடிப்பது இவர்கள் வேலை இல்லை. பிடிக்கப் போகிறவன் குருட்டாம்போக்கில் போய்ச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். முதல் உலகப் போருக்காக 1915-இல் விக்டோரியா மாநிலத்தில் திரட்டிய படை இது. 21, 22, 23, 24 என்று நான்கு பட்டாலியன்கள். களத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அடி விழுந்தது. 1915 செப்டம்பர் 2 அன்று சவுத்லேண்ட் என்ற கப்பலை ஏஜியன் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ வைத்துத் தாக்கியதில் பிரிகேட் தளபதி கர்னல் ரிச்சர்ட் லின்டனே இறந்துபோனார். அப்புறம் துருக்கியின் கலிப்பொலி போர்க்களம். அங்கே லோன் பைன் பதுங்குகுழிகளை 23வது, 24வது பட்டாலியன்கள் மாறி மாறிக் காத்தன. அதன்பின் பிரான்ஸ்.

பிரான்ஸில் ஒரு நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1917 மே 3, புல்லக்கோர்ட். விடியும் முன்பே தாக்குதல். வலப்பக்கம் போன 5வது பிரிகேட் முள்கம்பியிலும் இயந்திரத் துப்பாக்கியிலும் சிக்கி நின்றுவிட்டது. இடப்பக்கம் 6வது பிரிகேட் ஜெர்மன் அகழிக்குள் புகுந்துவிட்டது. அதாவது, உள்ளே போய்விட்டார்கள், ஆனால் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. தளபதி ஜான் கெல்லிபிராண்ட் தன் தலைமையகத்தைக் களத்தை ஒட்டிய ரயில்பாதை மேட்டிலேயே வைத்திருந்தார், அதனால் நிலைமை அவருக்கு உடனுக்குடன் தெரிந்தது.

அன்று திறந்து கிடந்த அந்தப் பக்கத்தில் ஓர் அதிகாரியைப் பலரும் பார்த்தார்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. மேலே சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. அகழி விளிம்பின் மேல் ஏறி நின்று கையெறிகுண்டுகளை வீசிக்கொண்டே, குண்டுக்குழிகளில் படுத்துக் கிடந்தவர்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைமை இழந்து கிடந்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டு அகழியோடு முன்னேறியவர், அங்கேயே உயிர்விட்டார். பெயர் கேப்டன் கில்கிறிஸ்ட். அவர் காலாட்படைக்காரர் இல்லை, 6வது ஃபீல்ட் கம்பெனியைச் சேர்ந்த பொறியாளர். உதவிப் படை என்றால் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையதுதான்.

போரின் கடைசியிலும் இதே மாதிரி நடந்தது. 1918 அக்டோபர் 5, மான்ப்ரெஹைன் கிராமம். அந்தப் போரில் ஆஸ்திரேலியக் காலாட்படை நடத்திய கடைசித் தாக்குதல். 21வது, 24வது பட்டாலியன்களோடு அன்று தோளோடு தோள் நின்றது 2வது பயோனியர் பட்டாலியன். சாலை போட, தண்டவாளம் பதிக்க, அகழி வெட்டப் பழகியவர்கள். ஆள் பற்றாக்குறை, அதனால் மண்வெட்டியை வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு போனார்கள். கிராமம் விழுந்தது. 430 பேர் அளவில் செத்தும் காயப்பட்டும் போனார்கள். போர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி என்பதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இதே எண் கொண்ட பிரிகேட் நியூ பிரிட்டன் தீவில் சண்டையிட்டது. 1945-இல் டோல் தோட்டப் பகுதியைப் பிடித்தது. 1942-இல் சரணடைந்த ஆஸ்திரேலியர்கள் சுமார் 160 பேரை ஜப்பானியப் படை கொன்ற இடம் அது. போருக்குப் பிறகு இந்தப் பிரிகேட் கலைந்தும் மீண்டும் உருவாகியும் வந்தது. அந்த நிர்வாகக் கதைக்குள் நான் போகவில்லை.

இப்போது வியட்நாம். 1966 ஆகஸ்ட், நுய் தாத்தில் இருந்த ஆஸ்திரேலியத் தளம். அங்கே 547 சிக்னல் ட்ரூப் என்று ஒரு சின்னக் குழு. வேலை ஒன்றுதான்: எதிரியின் ரேடியோவை ஒட்டுக்கேட்பது, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. எதிரியான வியட்காங் படையின் 275வது ரெஜிமென்ட்டின் ரேடியோ ஒன்று நாளுக்கு நாள் மேற்கே நகர்ந்து வருவதைக் கேப்டன் ட்ரெவர் ரிச்சர்ட்ஸின் ஆட்கள் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். ஆகஸ்ட் 14 வாக்கில் அது தளத்துக்குக் கிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் வந்து நின்றது. தளபதி ஜாக்சனுக்குத் தகவல் போனது. ரோந்துகள் போயின, எதுவும் கண்ணில் படவில்லை. ஒட்டுக்கேட்பது பரம ரகசியம் என்பதால், காட்டுக்குள் போன கம்பெனி அதிகாரிகளுக்கு அந்தத் தகவல் போகவில்லை.

ஆகஸ்ட் 18 பிற்பகல் லாங் டான் ரப்பர் தோட்டத்தில் டி கம்பெனியின் 108 பேர் அந்தப் பெரும்படையின் மேலேயே போய் மோதினார்கள். கொட்டும் மழை. அவர்களோடு இருந்தது நியூசிலாந்து பீரங்கிப்படைக் கேப்டன் மாரிஸ் ஸ்டான்லி. மழையில் குண்டு விழுவதே சரியாகத் தெரியாத நிலையில், விழும் சத்தத்தை வைத்தே தூரத்தைக் கணித்து ரேடியோவில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். நுய் தாத்திலிருந்து 24 பீரங்கிகள், 3000-க்கும் மேற்பட்ட குண்டுகள். தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தபோது இரண்டு ஹெலிகாப்டர்கள் கம்பளியில் சுற்றிய தோட்டாப் பெட்டிகளை மரங்களுக்கு மேலிருந்து போட்டன. ஆஸ்திரேலியத் தரப்பில் 18 பேர் இறந்தார்கள். பீரங்கி இல்லையென்றால் அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட மிஞ்சியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 547 சிக்னல் ட்ரூப்பின் தாய் ரெஜிமென்ட், குவீன்ஸ்லாந்தில் கபார்லாவில் இருக்கும் 7வது சிக்னல் ரெஜிமென்ட். 2010-இல் 6வது பிரிகேட்டை மீண்டும் உருவாக்கியபோது அந்த ரெஜிமென்ட் இதற்குள் வந்தது. கூடவே 1வது உளவு பட்டாலியன், எனோகெராவில் டிரோன் இயக்கும் 20வது ரெஜிமென்ட், ஆர்பிஎஸ்-70 ஏவுகணை வைத்திருந்த 16வது வான்பாதுகாப்பு ரெஜிமென்ட், ஆம்பர்லியில் இருக்கும் 6வது பொறியாளர் ரெஜிமென்ட்.

ஏன் இவர்களை ஒரே குடைக்குள் கொண்டுவர வேண்டும்? 1, 3, 7 என்று மூன்று போர் பிரிகேட்கள் இருக்கின்றன. ஒட்டுக்கேட்கத் தெரிந்தவனும் டிரோன் படத்தைப் படிக்கத் தெரிந்தவனும் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. ஆளுக்கு நான்கு பேர் என்று பங்கு போட்டால் யாருக்கும் உருப்படியாகப் பயிற்சி கிடைக்காது. ஒரே இடத்தில் வைத்துப் பயிற்சி கொடு, தேவைப்படும்போது தேவைப்படும் இடத்துக்கு அனுப்பு. இதுதான் கணக்கு. அதனால்தான் இந்தப் பிரிகேட் மொத்தமாகக் கிளம்பிப் போருக்குப் போகாது. ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்துக்கு 20வது ரெஜிமென்ட்டிலிருந்து ஷேடோ 200 டிரோன் குழுக்கள் போனது மாதிரி, துண்டு துண்டாகத்தான் போகும். எந்தச் சண்டையில் ஜெயித்தது என்று கேட்டால் பிரிகேட் பெயரில் ஒரு பதிலும் வராது. கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: யாரெல்லாம் இவர்களிடம் ஆள் கடன் வாங்கினார்கள்?

பொறியாளர்களுக்கு அமைதிக் காலத்திலும் வேலை உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து ராணுவம் தொலைதூரப் பழங்குடிச் சமூகங்களுக்குப் போய் வீடு, குடிநீர், கழிவுநீர் வசதி, சாலை, விமான ஓடுபாதை என்று மாதக்கணக்கில் தங்கிக் கட்டிக் கொடுத்துவருகிறது. மருத்துவமும் தொழிற்பயிற்சியும் கூடவே நடக்கும். ஊருக்கும் பயன், போர்க்களத்தில் செய்ய வேண்டிய அதே வேலைக்கு நிஜப் பயிற்சியும் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக ஒரு மாற்றம். 2024-இல் அடிலெய்டை மையமாக வைத்து 10வது பிரிகேட் வந்தது. தொலைதூர ராக்கெட்டுகளும் வான்பாதுகாப்பும் அங்கே ஒன்றாகப் போய்விட்டன, 16வது ரெஜிமென்ட் உட்பட. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். சுடுகிற ராக்கெட்டும் வானத்தைப் பார்க்கிற ரேடாரும் ஒரே தளபதியிடம் இருந்தால் தகவல் அலைய வேண்டியதில்லை. லாங் டானுக்கு முன்னால், தெரிந்தவர்களுக்கும் காட்டுக்குள் போனவர்களுக்கும் நடுவில் தகவல் எங்கே நின்றது என்று பார்த்தோம் இல்லையா, அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலைதான் இது. வேறு மாதிரி நினைக்கிறவர்கள் கமென்ட்டில் காரணத்தோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.