பூவை வரைந்த கை

அவையோருக்கு வணக்கம்.

ஹங்கேரியப் பூத்தையல் என்றால் ஊசியையும் நூலையும் புகழ்வது வழக்கம். ஊசி துணியைத் தொடுவதற்கு முன்பே வேலையில் பாதி முடிந்திருக்கும். அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அங்கே கிராமத்து வீடுகளில் வரைகிறவர் ஒருவர், தைக்கிறவர் இன்னொருவர். பூ வரைவதற்கென்றே ஊரில் சில பெண்கள் இருந்தார்கள். சீருக்குத் துணி சேர்க்கும் வீட்டார் வெள்ளைத் துணியை அவர்களிடம் கொண்டுபோவார்கள். அவர்கள் கையால் நேராகத் துணியிலேயே வரைந்து தருவார்கள். இன்று ருமேனியாவில் இருக்கும் கலோடசெக் பகுதியின் பழைய தலையணை உறைகளைப் பாருங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை, இவற்றில் ஏதாவது ஒரே நிறம். அகலமான சங்கிலித் தையல். நிறத்தை வைத்து வித்தை காட்ட வழியில்லை. கோடு சரியாக விழாவிட்டால் எந்தத் தையற்காரி வந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இந்த வேலையை 1885இல் புடாபெஸ்ட் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நகரத்தாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜர்மதி ஜிகானே என்ற எழுத்தாளர்.

அந்த உறைகளில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும்தான் பூ இருக்கும். விருந்தினருக்கான முன்னறையில் யாரும் படுக்காத ஒரு கட்டில்; அதில் உத்தரத்தை எட்டும் வரை தலையணை அடுக்கு. அறையைப் பார்த்திருக்கும் முனைக்குத்தான் தையல். சுவரைப் பார்க்கும் பக்கத்தில் எதற்கு நூலை வீணாக்குவது? கெட்டிக்காரப் பெண்கள்!

மாதுளை, கார்னேஷன் பூவெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். 1541 முதல் 1686 வரை புடா நகரம் துருக்கியர் கையில் இருந்தது. பிரபுக்களின் மாளிகைத் துணிகளில் அந்தப் பூக்கள் பட்டிலும் பொன்னிழையிலும் மலர்ந்தன. பிறகு மெல்ல மெல்லக் கிராமத்துக்கும் இறங்கின.

கடைகளில் ‘தொன்மையான மரபு’ என்று விற்கிறார்களே, ஹங்கேரியின் கலோச்சா என்ற ஊரின் பல வண்ணப் பூக்கள், அவற்றின் வண்ணத்துக்கு வயது அதிகமில்லை. அங்கே முதலில் தைத்தது வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். இன்று நாம் காணும் வண்ணக் கூட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகியது. இதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அங்கே துணியில் வரைந்த பெண்கள் வீட்டுச் சுவரிலும் பூ எழுதினார்கள். சாயம் போகாத நூல் கிடைத்ததும் துணியிலும் நிறம் ஏறியது, அவ்வளவுதான்.

வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள். பெயர் தப்பியவர்களில் ஒருவர் ஹங்கேரியின் மெசோகொவெஷ்ட் ஊரின் கிஷ் யாங்கோ போரி. 1876இல் பிறந்து 1954இல் மறைந்தார். அந்த ஊரிலும் சுற்றிலும் வாழ்ந்த மாட்யோ மக்கள் ஏழைகள். சொந்த நிலம் போதாமல் பெரும் பண்ணைகளுக்குப் பருவக் கூலிகளாகப் போனவர்கள். அந்த வீடுகளில் தையல் கூலி அடுப்பெரிய உதவிய காசு. போரி வரைந்த ரோஜாக்கள்தான் இன்றும் மாட்யோ ரோஜா என்று உலகம் அறியும் பூ. மாட்யோ பூத்தையலை யுனெஸ்கோ 2012இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. போரியின் வீடு இப்போது அருங்காட்சியகம்.

பிறகு அச்சு வந்தது. சமையலறைச் சுவரில் மாட்டும் வெள்ளைத் துணி, அதில் அச்சிட்ட படம், கூடவே இல்லத்தரசிக்கு இரண்டு வரி புத்திமதி. அதன் மேல் சிவப்பு அல்லது நீல நூலில் காம்புத் தையல் போட்டால் போதும். வரைகிற பெண் தேவைப்படவில்லை. புத்திமதிகளை நான் ரசிப்பதில்லை. ஆனால் அந்தத் துணிகளை ஏளனம் செய்யவும் மாட்டேன். வரைந்து வாங்க வசதியில்லாத வீட்டிலும் அவைதான் தொங்கின.

உங்களில் பழைய துணி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதியில் விட்ட துணி கிடைத்தால், குறையுள்ளது என்று தள்ளிவிடாதீர்கள். தையல் நின்ற இடத்துக்கு அப்பால் வரைந்தவரின் கோடு அப்படியே இருக்கக்கூடும். அழுக்காக இருக்கிறதே என்று உடனே தண்ணீரில் நனைத்துவிட வேண்டாம். கோடும் அழுக்கோடு போய்விடலாம்.