படைவீரருக்குச் சம்பளமாக இருந்த நார், இன்று உயர்விலைக் கைப்பை

[திரையில்: பழைய ராஃபியா துணித் துண்டு ஒன்று, அடுத்து, அதே நார் நிறத்தில் ஒரு கைப்பை]

வணக்கம். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவில் இருந்த போர்த்துகீசியப் படைவீரர்கள் தங்கள் சம்பளத்தைத் தங்கமாகவோ வெள்ளியாகவோ பெறவில்லை. ஒரு மரத்தின் இலைநாரால் நெய்த துணித் துண்டுகளாகப் பெற்றார்கள். லிபோங்கோ எனப்பட்ட அந்தத் துணிதான் அங்கே செல்லுபடியான பணம். 1694இல் செப்புக் காசுகள் கப்பலில் வந்து இறங்கிய பிறகே அதன் இடம் சரியத் தொடங்கியது.

அதற்கும் முன்பு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துவார்த்தே பச்சேக்கோ பெரெய்ரா என்ற போர்த்துகீசிய மாலுமி, கொங்கோ நாட்டுப் பனைநார்த் துணிகள் வெல்வெட்டைப் போன்றவை என்றும், இத்தாலியில் செய்யப்படுபவற்றுக்கு அழகில் இணையானவை என்றும் எழுதி வைத்தார். ஆகவே, ஐரோப்பியக் கடை ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்த நாளில்தான் ஆப்பிரிக்க நார் ஆடம்பரப் பொருளாயிற்று என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்த நாரின் பெயர் ராஃபியா. லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டுத் தாய்நாடான கானாவுக்குத் திரும்பிய அக்கோசுவா அஃப்ரியே-குமி, 2014இல் ஆக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இந்த நாரால் கைப்பைகள் செய்விக்கிறார். வரலாறு இந்த அளவு போதும். நான் காட்ட விரும்புவது அந்த மரத்தையும் அந்தக் கைகளையும்தான்.

[திரையில்: சதுப்பு நிலத்தில் ராஃபியா மரங்கள்]

ராஃபியா, பனைக் குடும்பத்து மரம். பெரும்பாலும் ஈரம் நிறைந்த சதுப்பு நிலத்தில் வளர்வது. இதன் இனங்களுள் ஒன்றான ராஃபியா ரெகாலிஸின் ஒரே மட்டை 25 மீட்டர் வரை நீளும்; உலகத் தாவரங்களில் இதைவிட நீளமான இலை கிடையாது. எட்டு மாடிக் கட்டடத்தின் மேல் சாய்த்து வைத்தால் மொட்டைமாடியைத் தொடும் ஓர் இலையைக் கற்பனை செய்து பாருங்கள். நம் தாளிப்பனையைப் போலவே, ராஃபியாவின் தண்டும் ஒரு முறை பூத்துக் காய்த்தால் பட்டுப்போகிறது. பனையோலைப் பெட்டி முடையும்போது நாம் ஓலையையே கிழித்துப் பயன்படுத்துகிறோம். ராஃபியாவிலோ இளங்குருத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய தோலை மட்டும் உரித்தெடுத்து, வெயிலில் உலர்த்தி, நாராக்குகிறார்கள். ஓலைப் பெட்டிக்கு விறைப்பும் ராஃபியா பைக்குத் துணிபோன்ற மென்மையும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, கைகள். ஆங்கிலம் ‘வீவ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வேலையைத் தமிழ் பிரித்துப் பார்க்கிறது: துணியை நெய்கிறோம், கூடையை முடைகிறோம். இந்தப் பையில் நெய்தல் இல்லை, தறியும் இல்லை. முதலில் நாரைக் கையால் திரித்து இழையாக்கிக் கொதிக்கும் சாய நீரில் தோய்க்கிறார்கள். பிறகு அடிப்பகுதியில் தொடங்கி, நிற்கும் ஒவ்வோர் இழையையும் இரண்டு இழைகள் முன்னும் பின்னுமாகச் சுற்றி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலேறும்படி முடைகிறார்கள். நிற்பதைப் பாவு என்றும் சுற்றுவதை ஊடை என்றும் கொண்டால், இங்கே ஊடை இரட்டையாகச் செல்கிறது. அதனால்தான் நடுவில் ஓர் இழை அறுந்தாலும் பை பிரிந்துவிடுவதில்லை. ஒரு பை முடியச் சில நாள்கள் பிடிக்கும்.

இந்த வேலை நடக்கும் ஊர், கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடக்கே, புர்கினா ஃபாசோ எல்லையருகே உள்ள போல்கடாங்கா. இங்கே என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு: ராஃபியா இந்த ஊரின் பொருளே அன்று, அது ஈரமான தெற்கிலிருந்து வருகிறது. இங்கே பை முடையும் பெண்கள் பரம்பரையாக முடைவது, உயரமாக வளரும் ஒருவகைப் புல்லின் தண்டால் ஆன போல்கா கூடைகளை. விறைப்பான புல்லில் பழகிய விரல்கள், மடங்கிச் சரியும் நாருக்கு இறுக்கம் கொடுக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. மரபு பொருளில் இல்லை, விரலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

அந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். நவம்பரில் நிலம் காய்ந்தால், அடுத்த மழை வரை வயலில் வருமானம் இல்லை. இளம்பெண்கள் பலர் தெற்கு நகரங்களின் சந்தைகளில் தலைச்சுமை தூக்கப் போகிறார்கள். கயாயே என்று அவர்களை அழைக்கிறார்கள். வறண்ட மாதங்களில் ஊரிலேயே கிடைக்கும் முடையும் வேலை, அந்தப் பயணத்துக்கு ஒரு மாற்று.

ஆனால் “அறம் சார்ந்த ஆடம்பரம்” என்று அட்டையில் அச்சிட்டால் மட்டும் போதாது. கூடைக்கான புல்லிலும் பெரும்பகுதி இப்போது தெற்கிலிருந்து லாரிகளில் வருவதால், தன் கைக்காசில் அதை வாங்கும் பெண்ணுக்குக் கூடை விற்ற பணத்தில் ஒரு பங்கு அப்போதே கரைந்துவிடுகிறது. எனவே விற்பவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, பையின் விலை பற்றியது அன்று. நாருக்கு முன்பணம் போட்டவர் யார் என்பதே. முடைந்தவர் என்றால், கூலி எவ்வளவு என்ற அடுத்த கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

[திரையில்: நசுங்கிய போல்கா கூடை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்]

உங்களில் யாரிடமாவது புல்லால் முடைந்த போல்கா கூடை இருந்து, அது கப்பல் பயணத்தில் தட்டையாக நசுங்கி வந்திருந்தால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். தோல் கைப்பிடி நனையாமல் கூடையைத் தண்ணீரில் முக்கியெடுத்து, புல் இளகியதும் உள்ளிருந்து இரு கைகளாலும் மெல்லத் தள்ளி, விரும்பிய வடிவத்தில் நிழலில் காய வையுங்கள். உலர்ந்த பிறகு எப்படி நின்றது என்று படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.