வடித்த ஈதர், வெடிக்கும் குடுவை

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை மாத மதியத்தில் மின்சாரம் போய்விட்டால், சென்னையிலோ திருச்சியிலோ உள்ள ஓர் ஆய்வக அலமாரிக்குள் 36, 38 டிகிரி என்பது சர்வசாதாரணம். அங்கே கரைப்பானாகப் பயன்படும் டைஎத்தில் ஈதர் (சுருக்கமாக ஈதர்) 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பே வேண்டாம், நம் ஊர் வெயில் போதும். அந்த நேரத்தில் அரை லிட்டர் பாட்டிலின் மூடியை அவசரமாகத் திருகினால், புஸ்ஸென்று ஆவியும் திரவமும் சேர்ந்து முகத்தில் பீறிடும். பாட்டிலைக் கால் மணி நேரம் ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்து, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டான பியூம் ஹூடுக்குள் வைத்து மெல்லத் திறப்பதுதான் முறை.

ஈதர் என்றதும் பலருக்கு மயக்க மருந்துதான் நினைவுக்கு வரும். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு அதைக் கொடுத்துக் காட்டினார். இன்று அந்த வேலைக்கு அது அரிது. ஆனால் உணவுப் பொருளிலும் மாட்டுத் தீவனத்திலும் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிற ஆய்வகங்களில் ஈதர் இன்னும் லிட்டர் கணக்கில் செலவாகிறது. தீவனப் பகுப்பாய்வு அறிக்கையில் கொழுப்பு என்று கூடப் போடமாட்டார்கள், ‘ஈதர் எக்ஸ்ட்ராக்ட்’ என்றே எழுதுவார்கள். ஈதரைத் திரும்பத் திரும்ப மாதிரி மேல் ஊற்றிக் கொழுப்பைக் கரைத்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, கடைசியில் ஈதரை வடித்து, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து, மீட்டுக்கொண்டு, அதையே அடுத்த மாதிரிக்கும் ஊற்றுவது வழக்கம். விலை அப்படி, குறை சொல்ல முடியாது. அப்படி மீட்ட ஈதரைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈதர் ஆவி காற்றைவிட 2.6 மடங்கு கனம். மேலே எழும்பாது. மேசை மீது தண்ணீர் போலப் பரவி, விளிம்பில் வழிந்து, தரையோடு தரையாகப் போகும். நாலு மேசை தள்ளி எரிகிற பர்னரை அது தொட்டுவிட்டால், வந்த வழியே தீ திரும்பிப் பாட்டிலுக்கு வந்து சேரும். காற்றில் 1.9 சதவீதம் ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும்; 36 சதவீதம் வரை பற்றும். 100 மில்லி ஈதர் கொட்டினால் ஏறக்குறைய 24 லிட்டர் ஆவி. 1,200 லிட்டருக்கும் அதிகமான காற்றைப் பற்றக்கூடியதாக்க அது போதும். ஒரு சின்ன பீக்கர் கவிழ்ந்தால் நடப்பது இது.

சுடர் இல்லையே என்று ஹாட் பிளேட்டை நம்புகிறவர்கள் உண்டு. ஈதர் ஆவிக்குத் தானாகப் பற்ற 160 டிகிரி போதும். ஹாட் பிளேட்டின் தட்டு அதைத் தாண்டிச் சூடாவது வாடிக்கை. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் வேறு பொறி தட்டும். ஆகவே ஈதரைச் சூடாக்க வெந்நீர்த் தொட்டிதான். அந்த வெந்நீரையும் வேறு இடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுவது நல்லது. 50 டிகிரிக்கு மேல் தேவையே இல்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வேகம் போதாது, வந்தாலும் மாடித் தொட்டியில் காய்ந்த வெந்நீராக வரும். அதனால் ஒரு வாளியில் ஐஸ் போட்டு, கூலருக்குள் போடுகிற சின்ன மோட்டார் பம்பை இறக்கி, ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் சுற்றவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், இரண்டு ஓட்டைகள் உண்டு. வாளியும் பிளக் பாயின்ட்டும் தரையில் இருக்கும். கனமான ஆவி வந்து சேருகிற இடமும் அதே தரைதான். பிளக் பாயின்ட் வேறு பக்கத்தில், மேசைக்கு மேலே இருக்கட்டும். இரண்டாவது, மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், ஆனால் வெந்நீர்த் தொட்டி உடனே ஆறாது. கண்டென்சர் சூடேறி ஈதர் முழுக்க வெளியே போகும். அதற்காகத்தான் தொட்டியை ஏற்றி இறக்கும் ஜாக் மேல் வைக்கச் சொல்கிறோம். பம்ப் நின்ற நொடியில் ஜாக்கைத் திருகித் தொட்டியைக் கீழே இறக்கிவிடலாம். கருவி ஓடும்போது ஆள் டீ குடிக்கப் போகக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி பெராக்சைடுக்கு, அதாவது ஈதர் காற்றோடு சேர்ந்து உண்டாகும் வெடிக்கும் பொருளுக்கு வருவோம். ஈதர் மூலக்கூறில் ஆக்சிஜனை ஒட்டியிருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதில் கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளிச்சம் பட்டால் இது வேகமாக நடக்கும், அதனால்தான் பழுப்பு நிறப் பாட்டில். முதலில் உண்டாவது ஹைட்ரோபெராக்சைடு. நாள்பட நாள்பட அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசுக்குப் போன்ற பொருளாகும். சூடு, அதிர்ச்சி, உராய்வு எதுவும் அதற்கு ஆகாது, வெடிக்கும்.

இதைத் தடுக்க உற்பத்தி செய்பவர்களே ஈதரில் சிறிதளவு பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுவீன் கலந்து அனுப்புகிறார்கள். சுருக்கமாக பி.எச்.டி. (ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பட்டம் பெற்றவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள்.) இந்தக் காவல்காரன் 265 டிகிரியில் கொதிப்பவன். ஈதரை வடிக்கும்போது அவன் கொழுப்போடு அடிக்குடுவையிலேயே தங்கிவிடுகிறான். மேலே போய்க் குளிர்ந்து சொட்டுவது காவல் இல்லாத ஈதர். வடித்தது என்றால் சுத்தமானது, சுத்தமானது என்றால் பயமில்லாதது என்று மனம் கணக்குப் போடும். அலமாரியில் வைக்கும் விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். கடையிலிருந்து வந்த ஈதரைவிட நீங்கள் வடித்த ஈதர்தான் சீக்கிரம் கெடும். மீட்ட ஈதரை வைத்திருக்க வேண்டுமானால் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் அளவுக்காவது பி.எச்.டி. திரும்பச் சேருங்கள். கொழுப்பின் எடையில் அது தெரியவே தெரியாது.

பெராக்சைடு ஈதரைப் போல ஆவியாவதில்லை. 500 மில்லி ஈதரைக் கொதிக்கவைத்து 5 மில்லிக்குக் கொண்டுவந்தால், உள்ளே இருந்த பெராக்சைடு நூறு மடங்கு அடர்த்தியாகிவிட்டது என்று பொருள். 0.01 சதவீதம் 1 சதவீதமாகிறது. குடுவை வறண்டால்? மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் பெராக்சைடு, அதுவும் சூடான கண்ணாடியில். சாதாரணமாக ஈதரை வடிக்கிறவர்கள் பத்தில் ஒரு பங்கையாவது குடுவையில் விட்டுவிட்டு நிறுத்தலாம். கொழுப்பு எடை பார்ப்பவருக்கோ குடுவை முழுக்க வறண்டால்தான் வேலை முடியும். அதனால் அவருக்குத்தான் முன்சோதனை அவசியத்திலும் அவசியம்.

சோதனை இரண்டு நிமிட வேலை. சுத்தமான சோதனைக்குழாயில் 1 மில்லி கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம், அதில் 100 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதோடு 1 மில்லி ஈதர். குலுக்கி, ஒரு நிமிடம் விட்டு, வெள்ளைத்தாள் முன்னால் பிடித்துப் பாருங்கள். நிறமே இல்லை என்றால் நல்லது. மோர் தெளிந்த தண்ணீர் போல இலேசான மஞ்சள் என்றால் பெராக்சைடு தலைகாட்டிவிட்டது, வடிக்காதீர்கள். பளிச்சென்ற மஞ்சளோ டீ நிறமோ வந்தால் அந்த ஈதரை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. பக்கத்திலேயே ஈதர் சேர்க்காத இன்னொரு குழாயும் இருக்கட்டும். பழைய அயோடைடு உப்பு தானே மஞ்சளாகும், அப்போது ஈதரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெராக்சைடு சோதனைப் பட்டை வைத்திருப்பவர்கள் பட்டையை ஈதரில் நனைத்து, ஈதர் முழுக்கப் பறந்த பிறகு, அதன்மேல் நாலைந்து தடவை வாயால் ஊத வேண்டும். ஈரம் பட்டால்தான் நிறம் வரும். உலர்ந்த பட்டையைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பெராக்சைடு கொஞ்சமாக இருந்தால் நீக்கலாம். 110 மில்லி தண்ணீரில் 6 மில்லி அடர் கந்தக அமிலத்தை மெல்லச் சேர்த்து, ஆறியதும் 60 கிராம் ஃபெரஸ் சல்பேட்டைக் கரையுங்கள். ஒரு லிட்டர் ஈதருக்கு இதில் 10 முதல் 20 மில்லி. இரு திரவங்களைப் பிரிக்க உதவும், அடித்தண்டில் திருகுகுழாய் உள்ள பிரிபுனலில் ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அழுத்திக் கவிழ்த்து, தண்டு யார் முகத்தையும் பார்க்காதபடி மேலே தூக்கி, முதலில் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிறகுதான் குலுக்கல். இரண்டு குலுக்கலுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். கைச்சூடே உள்ளே அழுத்தம் ஏற்றிவிடும். ஈதர் மேலே நிற்கும், இரும்புக் கரைசல் கீழே. வெளிர்பச்சையாக இருந்த கீழ் அடுக்கு மெல்ல மஞ்சள் கலந்த பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெராக்சைடு அழிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கீழ் அடுக்கைத் தண்டு வழியே இறக்கிவிட்டு, தண்ணீரில் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, மறுபடி அயோடைடு சோதனை. நிறம் வரவில்லை என்றால் மட்டும் பயன்பாடு.

கொழுப்பு எடுத்த குடுவையை 100 டிகிரி ஓவனுக்குள் வைக்கும் கட்டத்தில்தான் பல ஓவன்களின் கதவு பறந்திருக்கிறது. திரவம் தீர்ந்துவிட்டது என்று கண் சொல்லும். ஆனால் நிமிர்ந்து நிற்கும் குடுவைக்குள் கனமான ஆவி கிணற்றுத் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். வெந்நீர்த் தொட்டியில் ஈதரைப் போக்கியபின், குடுவையை ஹூடுக்குள் வாய் சரிந்திருக்கும்படி படுக்கவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆவி வழிந்து போய்விடும். சாக்ஸ்லெட்டிலிருந்து எடுத்த, மாதிரி இருக்கும் உறையான திம்பிளும் அப்படித்தான். ஈரத்தோடு அது ஓவனுக்குள் போகவே கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜும் ஈதருக்கு இடமல்ல. உள்ளே விளக்கு சுவிட்ச் உண்டு, தெர்மோஸ்டாட் உண்டு, இரண்டும் பொறி தட்டும். குளிர்ச்சி பெராக்சைடைத் தடுக்கும் என்பதும் தவறான நம்பிக்கை.

ஒரு வார்த்தை முடிவுகளைப் பற்றியும். பெராக்சைடு உள்ள ஈதர் கொழுப்பை ஆக்சிகரணம் செய்து எடையைக் கூட்டிக் காட்டும். பாதுகாப்பு பற்றிப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாத மேலதிகாரியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முறை இடம்கொடுத்தால் பெட்ரோலியம் ஈதருக்கு மாறலாம். பெயரில்தான் ஈதர், உண்மையில் அது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த ஹைட்ரோகார்பன் கலவை. தீப்பிடிப்பதில் குறைவில்லை, ஆனால் பெராக்சைடுத் தொல்லை கிடையாது. இரண்டு பாட்டில்களையும் ‘ஈதர்’ என்று ஒற்றை வார்த்தையில் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம்தான் ஆபத்து.

பாட்டில் வந்த நாள், திறந்த நாள் இரண்டையும் அழியாத மையில் எழுதுங்கள். திறந்து ஆறு மாதம், திறக்காமல் ஒரு வருடம்: அதற்குமேல் வைத்திருக்க வேண்டாம். ஈதர் வகைக் கரைப்பான்களான டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கும் டயாக்சேனுக்கும் இதே கணக்கு. டைஐசோபுரொப்பைல் ஈதர் இன்னும் மோசம், வடிக்காமலே பாட்டிலுக்குள் படிகம் கட்டும். அதற்கு மூன்று மாதம்தான். பழைய ஈதர் பாட்டிலின் மூடி ஓரத்தில் வெள்ளைப் படிகமோ, அடியில் எண்ணெய் போன்ற அடுக்கோ தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், ‘என்னதான் இருக்கிறது பார்ப்போம்’ என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டாம். மூடியைத் திருகும் உராய்வே போதும். அறையைப் பூட்டி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறைக்கும் வெடிபொருள் நிபுணர்களுக்கும் தகவல் சொல்வதோடு ஆய்வகத்தின் வேலை முடிந்தது.

மிச்ச ஈதரைச் சிங்க்கில் ஊற்றினால் அது தண்ணீர் மேல் மிதந்து, சாக்கடைக் குழாய் வழியே அடுத்த அறைச் சிங்க்கில் ஆவியாக எழும். தனிக் கழிவுப் பாட்டிலில்தான் போடவேண்டும், அதில் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. காலியான பாட்டிலும் காலி இல்லை. ஹூடுக்குள் ஒரு நாள் திறந்துவைத்து, தண்ணீர் நிரப்பிக் கொட்டி, பழைய லேபிளைக் கிழித்த பிறகே பழைய பொருள்காரரிடம் போகட்டும்.

நன்றி, வணக்கம்.