மறுபடி கரண்டு வைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் தஞ்சாவூரில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவர். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. "முப்பது கரண்டு வைச்சாச்சு டாக்டர்" என்பார்கள், எனக்கும் புரிந்துவிடும். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் அதே ஜாதிக் கதிர்தான், அதைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆனாலும் ஊரே சொல்லும் சொல்லை நான் ஏன் மாற்றவேண்டும்? இன்றைக்கு நானும் கரண்டு என்றே சொல்கிறேன்.

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, ஒரு முறை கரண்டு வைத்து, அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டால் இன்னொரு முறை வைக்கலாமா? என் அறைக்கு வரும் குடும்பங்கள் இதற்கு இரண்டு விதமான பதிலைக் கேட்டுக்கொண்டு வருகின்றன. ஒரு தடவை வைத்த இடத்தில் இனி தொடவே கூடாது என்று ஒருவர் சொல்லியிருப்பார். காசு இருந்தால் எத்தனை தடவையும் வைக்கலாம் என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டுமே சரியில்லை.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நடவு வேலை செய்தவர். சின்ன வயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, புகையிலை. கன்னத்தில் வந்த கட்டியை எடுத்து, கரண்டும் வைத்து நாலு வருடம் ஆகியிருந்தது. இப்போது நாக்குக்கு அடியில் புண். மேசை மேல் ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்தார். டிஸ்சார்ஜ் தாள், பயாப்ஸி ரிப்போர்ட், பாலிதீன் உறையில் ஒரு சிடி, கடைசியாக ஒரு மாஸ்க். கரண்டு வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தின் மேல் போடும் வெள்ளை வலை அது. பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தில் அழுத்தினால் அந்த முகமாகவே இறுகிவிடும். அவருடைய மூக்கு, தாடை எல்லாம் அதில் பதிந்திருந்தன. நெற்றியில் யாரோ பேனாவால் போட்ட குறுக்குக் கோடு மங்கியிருந்தது. "தூக்கிப் போட மனசு வரலைங்க, மாட்டுக் கொட்டகை தூண்ல மாட்டி வைச்சிருந்தேன்" என்றார்.

மாஸ்க் எனக்குப் பெரிதாக உதவவில்லை. உதவியது அந்தச் சிடியும் தாளும்தான். வலது கன்னத்துக்கு முப்பது தவணையில் 60 கிரே. கிரே என்பது கதிரின் அளவு; பணத்துக்கு ரூபாய் மாதிரி கதிருக்குக் கிரே. முதல் முறை பெரும்பாலும் நாளைக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரத்தில் 60-லிருந்து 70 கிரே வரை கொடுப்போம். அந்த அம்மாவின் தண்டுவடத்துக்கு எவ்வளவு போனது, இடது தாடைக்கு எவ்வளவு போனது எல்லாம் அந்தச் சிடியில் இருந்தது. புது ஸ்கேன் மேல் பழைய கணக்கை வைத்துப் பார்த்தோம். புண் இருந்த இடத்துக்குப் பழைய கதிர் பாதிதான் எட்டியிருந்தது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வாங்கிய கதிரைச் சதை மறப்பதில்லை. மேலே தோல் ஆறிவிடும், நாக்கில் ருசி திரும்பும். உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, சதை நார் நாராக இறுகியே இருக்கும். தண்டுவடம் மட்டும் வருடம் போகப்போக ஓரளவு தேறும், முழுக்கத் தேறாது. அதற்கு 45, 50 கிரேக்கு மேல் போகாமல் முதல் முறையே பார்த்துக்கொள்வோம். இரண்டாம் முறை இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போடவேண்டும்.

அடுத்து நான் பார்ப்பது இடைவெளி. நம் ஊர் விவசாயிக்கு இதைச் சொல்வது சுலபம். களைக்கொல்லி அடித்த பத்தாம் நாளே ஒரு களை தலை தூக்கினால், அந்த மருந்துக்கு அது சாகாத களை. அதையே மறுபடி அடித்துப் பயனில்லை. கரண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் திரும்பி வரும் கட்டியும் அப்படித்தான். இரண்டு வருடம் தாண்டி வந்தால் நிலைமை வேறு. சில சமயம் அது பழைய நோயே இல்லை. பல வருடம் புகையிலையில் ஊறிய வாயில் இன்னொரு இடத்தில் புதிதாக முளைத்ததாக இருக்கும்.

அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து, இரண்டாம் முறை கரண்டு வைத்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு நோய் வந்து, கட்டியை அறுத்தும் எடுக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் அடுத்த இரண்டு வருடம் உயிரோடு இருந்தார்கள். இடைவெளியும் குறைவு, ஏற்கெனவே சாப்பாட்டுக்கோ மூச்சுக்கோ குழாய் வைத்திருந்தவர்கள் என்றால் நூற்றுக்கு 17 பேர்தான். ஒரே சிகிச்சைதான், யாருக்கு என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

அதனால் அறுத்து எடுக்க முடியுமா என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. எடுத்துவிட்டு, மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ கதிர் படாத நல்ல சதையைக் கொண்டுவந்து வைத்தால் காயமும் ஆறும். அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் மறுபடி கரண்டு தேவையா? பிரான்சில் 130 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. கீமோ மருந்தோடு சேர்த்துக் கரண்டு வைத்தவர்களுக்கு நோய் திரும்புவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை, பக்க விளைவு கூடியது. அதனால் அறுத்த ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால்தான் நான் அந்தப் பேச்சையே எடுப்பேன்.

வைப்பது என்று முடிவானால், முதல் முறை மாதிரி கழுத்து முழுக்க வைப்பதில்லை. கட்டியும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான். சிலருக்கு நாளைக்கு இரண்டு வேளை, நடுவே ஆறு மணி நேரம் விட்டு, சின்னச் சின்ன அளவாகக் கொடுப்போம். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் திரும்பியவர்களுக்குச் சீனாவின் குவாங்சோவில் இப்படி 54 தவணையாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வேளை முறையைவிட அதிகம் பேர் பிழைத்தார்கள், உயிர் போகும் அளவுக்கான பக்க விளைவும் குறைந்தது. சின்னக் கட்டியாக இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தே தவணையில் முடிக்கும் முறையும் உண்டு.

இனிச் சொல்லப்போவது சங்கடமான விஷயம், ஆனால் மறைக்கக் கூடாது. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கழுத்தின் இரு பக்கமும் ஓடுகிறது. இரண்டு முறை கதிர் வாங்கிய குழாய் வெடித்துவிடலாம். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஆகிறது, ஆனவர்களில் முக்கால்வாசிப் பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வீட்டாரை உட்காரவைத்து இதைச் சொல்வேன். முன்கூட்டிக் கொஞ்சமாக ரத்தம் கசிந்தால்கூட, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பவேண்டும். தாடை எலும்பு செத்துப்போவது, வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்க முடியாமல் மூக்குக் குழாயிலேயே நிற்பது, இவையும் இரண்டாம் முறையில் அதிகம்.

மன்னார்குடி பக்கத்து ஐயா ஒருவருக்கு நான் வேண்டாம் என்று சொன்னேன். 35 கரண்டு முடிந்து ஐந்தாவது மாதமே கழுத்தில் கட்டி, ரத்தக்குழாயைச் சுற்றி இறுகியிருந்தது. "நிலத்தை வித்தாவது பண்றோம் டாக்டர்" என்று மகன் அழுதார். விற்றுச் செய்தாலும் அப்பாவுக்கு வலிதான் மிஞ்சும் என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. மாத்திரையில் போனோம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் செலகாக்சிப். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஊசி மருந்தோடு இதை ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்டது. ஊசி போட்டவர்கள் சராசரியாக ஆறு மாதம், மாத்திரைக்காரர்கள் ஏழரை மாதம் உயிரோடு இருந்தார்கள்; மாத்திரைக்குச் செலவும் மிகக் குறைவு. வலிக்கு மார்ஃபின் மாத்திரையும் கொடுத்தோம். சம்பா நடவு முடியும்வரை ஐயா திண்ணையில் உட்கார்ந்து ஆட்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்தார் என்று மகன் பிறகு சொன்னார்.

பாபநாசம் அம்மாவுக்கு அறுவையும் முடிந்து, கரண்டும் வைத்தோம். வாய் இறுகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பழகச் சொன்னோம். பதினொரு குச்சியில் ஆரம்பித்தவர் இப்போது பதினைந்தில் இருக்கிறார். வெற்றிலைக்காக இன்னும் ஏங்குகிறார். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. அதோடு சேரும் பாக்குதான் சிக்கல். புகையிலை இல்லாத பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. சீவல் மட்டும்தானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

வாய்க்குக் கரண்டு வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பல் பிடுங்கப் போனால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கரண்டு வைத்ததைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று அந்தத் தாள். பழைய கோபால்ட் மெஷினில் வைத்தவர்களுக்குச் சிடி கிடையாது, தாள் மட்டும்தான். ஒருவருக்கு முன்பு வைத்த இடத்தில் கேட்டபோது பழைய பதிவு கரையானுக்குப் போய்விட்டது என்றார்கள். எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று தெரியாததால், அதிகபட்சம் வாங்கியதாகவே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கு இரண்டாம் முறை வைக்க முடியவில்லை. வைத்திருக்கலாமோ என்று இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அதனால் சிகிச்சை முடியும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்: எந்த இடம், எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சிடி இருந்தால் அதுவும். பட்டா சிட்டா வைக்கிற பீரோவில், அதே கவரில் வையுங்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து மகள் வீட்டிலும் கொடுத்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.